கதவின் மேல்விளிம்பு

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பப்போவதில்லை, அதனால் இருப்பதைச் சொல்கிறேன். முட்டி வலி அப்படியே இருக்கிறது. காது இன்னும் கொஞ்சம் போய்விட்டது. போன வாரம் நீ போனில் வந்தபோது வாங்கிக் காதில் வைத்தேன். தகரத்தில் மணல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம், நடுநடுவே "அக்கா, அக்கா" என்று நீ கத்துவது மட்டும் கேட்டது. முப்பத்திரண்டு வருஷம் ரம்பத்துக்குப் பக்கத்தில் நின்றவளுக்கு இனி போன் எதற்கு? எழுது. படிக்கக் காது வேண்டாம்.

கிடங்கில் மூச்சுவிட நேரமில்லை. இங்கே ஒரு பழைய ஆஸ்பத்திரியின் ஊழியர் குடியிருப்பை இடிக்கிறார்கள். கதவு, ஜன்னல் எல்லாம் மொத்தமாக எனக்குத்தான் வந்து இறங்குகிறது. மரம் இரும்பு மாதிரி. மேலே ஏழெட்டுப் பூச்சு பெயிண்ட். வாங்க வருகிறவன் முகத்தைச் சுளித்து, "என்னம்மா, இது கதவா கந்தலா?" என்பான். நான் பேசவே மாட்டேன். தகட்டை எடுத்து அவன் கண் முன்னால் கையகலம் சுரண்டிக் காட்டுவேன். உள்ளே மரத்தின் நிறத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்வான். எல்லாரும் வாயால் விற்கிறார்கள், நான் அந்தக் கையகலத்தால் விற்கிறேன்.

போன வாரம் ஒருவன் சண்டைக்கு வந்தான். என்னிடம் வாங்கிய கதவைக் கரையான் அரித்துவிட்டதாம். வண்டியில் கதவையே தூக்கிக்கொண்டு வந்திருந்தான். உன் மருமகன் போய்க் கதவின் மேல்விளிம்பில் கட்டைவிரலை ஒரு இழுப்பு இழுத்தான். "நம்மது இல்லம்மா" என்றான். அதோடு முடிந்தது. எந்தக் கட்டடத்துச் சரக்கு என்பதற்கு உளியால் அங்கே ஒரு வெட்டுப் போட்டுத்தான் எதையும் வெளியே அனுப்புவேன், உனக்குத் தெரியும். உன் கல்யாணத்துக்கு முன்னால் நீ எனக்கு ஏணி பிடித்தவன். ஆனால் எந்த வெட்டு எந்தக் கட்டடம் என்று அப்போதும் உனக்குச் சொல்லவில்லை. தம்பியானாலும் தொழில் வேறு.

நான் பெற்றவனைப் பற்றி வேறென்ன எழுத? முப்பத்திநாலு வயது. ஒரு சீட்டை அவன் எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் வந்தவர் வீட்டுக்கே போய்விடுவார். ஒன்று சொன்னால் கோபம். இரண்டாவது சொல்வதற்குள் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போகிறான். எங்களிடம் அறைவதற்குக் கதவுக்கா பஞ்சம். வேறொன்றுமில்லை, சோம்பேறித்தனம். சின்ன வயதில் இன்னும் நாலு போட்டிருக்க வேண்டும்.

உன் பேத்தி வாயாடி எப்படி இருக்கிறாள்? உன் வீட்டுக்கு நான் கொடுத்த ஜன்னலில்தான் நாள் முழுக்க உட்கார்ந்து போகிற வருகிறவர்களை வம்புக்கு இழுக்கிறாள் என்று எழுதியிருந்தாய். அடிச்சட்டத்தைப் பல்லால் கடிக்கிறாள் என்று உன் மகள் திட்டுகிறாளாமே. கடிக்கட்டும், விடு. அந்த மரம் தாங்கும்.

அன்புடன்,
அக்கா

*

பிப்ரவரி 13

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நான் போனில் கத்தியது ஒரு விஷயத்தைச் சொல்லத்தான். எழுதினால் கத்த வேண்டியதில்லை, ஆனால் எங்கே ஆரம்பிப்பது என்று இரண்டு நாளாகத் தெரியவில்லை.

எங்கள் தெருப் பிள்ளைகள் இரண்டு பேர் வயிற்றுவலி, சோகை என்று அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே இருக்கிற நர்ஸம்மாவுக்கு ஏதோ சந்தேகம். ரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். இருந்தது. அதற்கப்புறம் அவரே தெருவுக்கு வந்து, ஆறு வயதுக்குக் கீழே இருக்கிற எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துவிட வேண்டும் என்றார். நானும் மருந்துக்கடைக்காரரும் எதிர்வீட்டுத் தையல்காரியும் சேர்ந்து வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டோம். என் பள்ளி வேன் நிறுத்துகிற கொட்டகையில் மேஜை போட்டு, ஐம்பத்துமூன்று பிள்ளைகளுக்கு விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்தார்கள். வாயாடி நர்ஸம்மாவிடம், "நீங்க குத்துங்க, அப்புறம் நான் உங்களுக்குக் குத்துறேன்" என்று பேரம் பேசினாள். உன் ரத்தம்.

ஐம்பத்துமூன்றில் இருபத்தொரு பேருக்கு அதிகம். நம் வாயாடிக்குப் பதினேழு. கையில் ஊசி போட்டு இன்னொரு தடவை எடுத்தார்கள், அப்போதும் பதினேழு. "இதுல நல்ல நம்பர்னு எதுவுமே கிடையாது. நாலஞ்சைத் தாண்டினாலே வீட்டுல எங்கிருந்து வருதுன்னு தேடணும்" என்றார் நர்ஸம்மா.

எங்கள் வீட்டில் தேடினார். அவரிடம் ஒரு குச்சி இருக்கிறது. பெயிண்டில் தேய்த்தால், ஈயம் இருந்தால் நுனி சிவக்கும். தட்டு, பொம்மை, சுவர் எதிலும் ஒன்றுமில்லை. ஜன்னலின் மேல்பூச்சிலும் ஒன்றுமில்லை. கடைசியில் வாயாடியின் பல் பட்டுப் பெயர்ந்த இடத்தில் தேய்த்தார். சிவந்தது அக்கா.

"ஏன் பாப்பா ஜன்னலைக் கடிக்கிறே?"

"இனிப்பா இருக்கு."

நர்ஸம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பழைய பெயிண்ட் இனிக்குமாம். கடிக்க வேண்டும் என்றுகூட இல்லையாம். திறந்து மூடும்போது உரசுகிற தூசி தரையில் விழும், பிள்ளை தரையில் தவழும், கையை வாயில் வைக்கும். அவ்வளவு போதுமாம்.

"மத்த வீட்டுக் கதவெல்லாமும் இப்படித்தானா?" என்று கேட்டார். தெருவில் முக்கால்வாசி வீட்டில் உன் கதவும் ஜன்னலும் என்று எல்லாருக்கும் தெரியும். நான்தானே எல்லாரையும் உன் கிடங்குக்குக் கூட்டிவந்தேன். மரம் வரைக்கும் முழுக்கச் சுரண்டி, புதிதாகப் பச்சை பூசியது என்று நீ சொன்னாய், அவர்கள் வாங்கினார்கள். அதையே சொன்னேன். "இது மட்டும் அக்கா பரிசா கொடுத்தது, அப்படியே பூசிட்டாங்க போல. மத்ததெல்லாம் முழுக்கச் சுரண்டினது" என்றேன். எல்லாரும் நம்பினார்கள். நான் சொன்னதை நானே நம்பினேனா என்பதுதான் தெரியவில்லை.

எனக்கு மட்டும் சொல் அக்கா. எல்லாம் சுரண்டியதுதானே?

உன் தம்பி

*

பிப்ரவரி 20

தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீ நேராகக் கேட்டாய், நானும் நேராகச் சொல்கிறேன்.

ஒன்றையும் முழுக்கச் சுரண்டவில்லை. ஒரு கதவை மரம் வரைக்கும் சுரண்ட ஓர் ஆளுக்கு ஒரு நாள் ஆகும். மேலே ஒரு பூச்சுப் பூச ஒரு மணி நேரம். நீங்கள் கேட்ட விலைக்கு எது முடியுமோ அதைச் செய்தேன். சில சரக்கு பெயிண்டே காணாதது, வார்னிஷ் மட்டும் போட்டது. சில சரக்கு பெயிண்ட்மேல் பெயிண்ட். எல்லாவற்றுக்கும் ஒரே பச்சை பூசி அனுப்பினேன். இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வது இதுதான். எந்த ஊரில் எந்தக் கடைக்கு வேண்டுமானாலும் போய்ப் பார்.

ஈயம் இருக்கிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்? அந்தத் தூசியில் நின்று சாப்பிட்டிருக்கிறேன், தூங்கியிருக்கிறேன். எனக்கு என்ன ஆகிவிட்டது? கை கொஞ்சம் நடுங்குகிறது, அது வயது. எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

வாயாடிக்கு இப்படி ஆனதில் எனக்கு வருத்தம் இல்லை என்று நினைக்காதே. உடனே அந்த ஜன்னலைக் கழற்று. பெயிண்டே காணாத மரத்தில் புதியது ஒன்று செய்து, இந்த வாரமே வண்டியில் ஏற்றிவிடுகிறேன். உன் பேத்தியை நீ பார்.

தெருவை விட்டுவிடு. என்னிடம் பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். வேன்காரனின் அக்கா பொய் சொல்லி விற்றாள் என்று ஒரு வார்த்தை வெளியே போனால், அடுத்த மாதம் கிடங்கு வாசலில் நாய் படுத்திருக்கும். படிக்கத் தெரியாத மகனை வைத்துக்கொண்டு இந்த வயதில் நான் வேறு என்ன தொழில் செய்வேன்? அம்மா போனபின் உனக்குச் சோறு போட்டவள் கேட்கிறேன். இதுவரை உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. வாயைத் திறக்காதே.

அக்கா

*

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

ஜன்னல் வந்து சேர்ந்தது. கச்சிதமாகப் பொருந்திவிட்டது. இத்தனை வருஷம் கழித்தும் என் வீட்டு அளவு உனக்கு ஞாபகம் இருக்கிறது.

பழையதை நர்ஸம்மா சொன்னபடி கழற்றினோம். முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, உடைக்காமல், தேய்க்காமல், முழுசாக எடுத்து பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கட்டினோம். எரிக்கக் கூடாதாம், புகையிலும் வரும். வாயாடி திரும்பத் திரும்பக் கேட்டாள்: "தாத்தா, ஜன்னல் எங்கே?" அதற்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறது என்றேன். "அதுக்கும் விரல்ல குத்துவாங்களா?" என்றாள்.

நீ சொன்னபடி வாயைத் திறக்கவில்லை.

மூன்று வாரமாகத் தெரு முழுக்க ஒரே வேலைதான். செருப்பு வாசலுக்கு வெளியே. தினமும் ஈரத்துணியால் தரை துடைப்பது, பெருக்கக் கூடாது, தூசி கிளம்பும். பிள்ளைகளுக்கு நாளைக்குப் பத்துத் தடவை கை கழுவிவிடுவது. கீரை, பால், முட்டை கொடுப்பது. வெறும் வயிற்றில் ஈயம் அதிகமாக ஏறுமாம். தையல்காரி பகலெல்லாம் மெஷினில் உட்கார்ந்துவிட்டுச் சாயங்காலம் வீடு வீடாகப் போய் ஞாபகப்படுத்துகிறாள். எல்லாருக்கும் அலுத்துவிட்டது. துடைத்துத் துடைத்துக் கை வெந்துபோச்சு, எண் மட்டும் இறங்கவில்லையே என்கிறார்கள். கதவு சரியாக இருக்கிறது என்று நான் சொல்லிவிட்டதால், இப்போது தண்ணீர்க் குழாயைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். மருந்துக்கடைக்காரர் தானே கடப்பாரையை எடுத்துத் தோண்டினார், அக்கா. நான் பக்கத்தில் நின்று மண் அள்ளிப் போட்டேன். குழாயில் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அள்ளினேன்.

கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "எங்க பையன் நல்லாத்தானே ஓடியாடுறான். அப்படி என்னதான் ஆயிடும்?" நர்ஸம்மா பொறுமையாகச் சொன்னார். பார்த்தால் ஒன்றும் தெரியாதாம். இரண்டு மூன்று வயதில் மூளை வளர்கிற நேரத்தில் உள்ளே போய்விடும். பள்ளிக்கூடத்தில் எழுத்து ஏறாது. சொன்னது மறந்துபோகும். சட்டென்று கோபம் வரும். "நாம சோம்பேறின்னு சொல்லுவோம், அடம்னு சொல்லுவோம், அடிப்போம். அது அந்தப் பிள்ளையோட தப்பா இருக்காது" என்றார். போனது திரும்பி வராது, இனிமேல் போகாமல்தான் தடுக்க முடியும் என்றார்.

குச்சி நாற்பதுதான் மிச்சம் இருக்கிறது. கதவும் ஜன்னலும் இருநூறுக்கு மேல். எல்லாமே ஒரே பச்சை. எது பழைய பெயிண்ட், எது வார்னிஷ் என்று மேலே இருக்கிற வெட்டைப் பார்த்தால் உனக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. பேர் சொல்ல வேண்டாம், அந்த வெட்டுக்கு அர்த்தம் மட்டுமாவது எழுது. எப்படியாவது சொல்லிச் சமாளித்துக்கொள்கிறேன்.

தம்பி

*

மார்ச் 9

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. வேலை அதிகம். நீளமாக எழுத முடியவில்லை.

வெட்டைச் சொன்னால் பேரைச் சொன்ன மாதிரிதான். உனக்கே தெரியும்.

சும்மா ஒன்று கேட்கிறேன். அந்த நர்ஸம்மாவிடம் கேட்டுச் சொல். இரண்டு வயதில் உள்ளே போயிருந்தால், ஆள் வளர்ந்து பெரியவனான பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரியுமா? எங்கள் பக்கத்தில் ஒருவர் கேட்டார், அதற்காகத்தான்.

அக்கா

*

மார்ச் 18

அக்காவுக்கு,

நீ கேட்டதை நர்ஸம்மாவிடம் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் அவரும் இல்லை, நானும் இல்லை.

தையல்காரியின் பையன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். ஒன்றேகால் வயது. இப்போதுதான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவன். போன மாதம் அவனுக்கு எண் பதினொன்று. இப்போது நாற்பத்தியேழு.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். என் வீட்டு ஜன்னலில் இருந்தது தன் வீட்டில் மட்டும் எப்படி இல்லாமல் போகும் என்று அவளுக்கு மனசு ஆறவில்லை. "அண்ணா, நிச்சயமா எங்க கதவு சுரண்டினதுதானா?" என்று என்னிடம் வந்து கேட்டாள். "ஆமாம்மா" என்றேன். போய்விட்டாள். ஆனாலும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று நினைத்திருக்கிறாள். உன் கிடங்கில் கதவு வாங்கியபோது நீ செய்து காட்டியதைப் பார்த்தவள் அவள். தகட்டை எடுத்துக் கையகலம் சுரண்டினாள். பச்சைக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே வெள்ளை, அதற்கும் கீழே காவி. பயந்துபோய்ப் புருஷனும் அவளுமாக உப்புத்தாள் வாங்கிவந்து இரண்டு நாள் உட்கார்ந்து முழுக்கத் தேய்த்தார்கள். தண்ணீர் தெளிக்கவில்லை. பையன் அதே அறையில் தவழ்ந்துகொண்டிருந்தான். நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் செய்தார்கள்.

கதவில் பழைய பெயிண்ட் இருக்கிறது, கை வைக்காதீர்கள், நனைத்துக் கழற்றலாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

நேற்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளைப் பார்த்தேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "மரம் வரைக்கும் சுரண்டினதுன்னு சொன்னீங்களே அண்ணா" என்றாள். அவ்வளவுதான். உட்காருங்கள் என்று பெஞ்சில் இடம்கூட விட்டாள்.

அக்கா, நீ எனக்குச் சோறு போட்டாய். மறக்கவில்லை. அதற்காகத்தான் மூன்று வாரத்துக்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி முடியாது. ஞாயிற்றுக்கிழமை, இருபத்தொன்பதாம் தேதி, கொட்டகையில் கூட்டம். அன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன், நான் பொய் சொன்னதையும் சேர்த்து. அதற்கு முன்னால் உன் கடிதம் வந்தால் உன் வார்த்தையில் படிக்கிறேன். வராவிட்டால் என் வார்த்தையில் சொல்வேன். அப்புறம் நீ எனக்கு எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி.

வேனில் தினமும் அந்தத் தெருப் பிள்ளைகளைத்தான் ஏற்றிக்கொண்டு போகிறேன். கண்ணாடியில் பார்த்தால் எல்லா முகமும் தெரிகிறது.

தம்பி

*

மார்ச் 24

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு தாள் வைத்திருக்கிறேன். மடித்துத் தனியாக இருப்பது தெருவுக்கு. அதைக் கூட்டத்தில் படி. இது உனக்கு.

அந்தத் தாளில் சுற்றி வளைக்காமல் எழுதியிருக்கிறேன். முழுக்கச் சுரண்டியது என்று சொன்னது நான், பொய் என்று தெரிந்தே சொன்னேன், என் தம்பி நான் சொன்னதைத்தான் சொன்னான் என்று. இந்தக் கடைசி வரியை விட்டுவிட்டுப் படிக்காதே. பிறகு வெட்டு. மேல்விளிம்பில் ஒற்றை வெட்டு இருந்தால் வார்னிஷ் மரம், பயமில்லை. இரட்டை வெட்டு, பழைய குடியிருப்புச் சரக்கு, பெயிண்ட் உண்டு. குறுக்கு வெட்டு ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது, அதுதான் இருப்பதிலேயே மோசம். குச்சியை அதற்கு வீணாக்க வேண்டாம். இரட்டையும் குறுக்கும் நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பதிலுக்கு வார்னிஷ் மரத்தில் கொடுக்கிறேன். ஒரே நாளில் முடியாது, என்னிடம் அத்தனை மரம் இல்லை. கைக்குழந்தை இருக்கிற வீட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். அதுவரை யாரும் தகடு, உப்புத்தாள் எதையும் தொடக் கூடாது. கிடங்கு நிற்குமா நிற்காதா என்று தெரியவில்லை. இரண்டு பேர் ஏற்கெனவே வேலையை விட்டுப் போய்விட்டார்கள், நான்தான் விஷயத்தைச் சொன்னேன். கிடங்கிலேயே குடியிருக்கிற வேலையாட்களின் ஐந்து பிள்ளைகளையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். எண்களை எழுத மனசில்லை.

தையல்காரிக்கு நான் என்ன எழுதுவது? எட்டுத் தடவை எழுதிக் கிழித்தேன். அவள் கதவு வாங்க வந்த அன்றைக்கு, அவள் எதிரில் நின்று சுரண்டியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அடுத்த வாரம் நானே வருகிறேன். அவள் உள்ளே விடாவிட்டால் வராந்தாவில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.

இனி உன் மருமகன் விஷயம். பக்கத்தில் ஒருவர் கேட்டார் என்று எழுதினேன் அல்லவா, அது யாருமில்லை என்று உனக்குப் புரிந்திருக்கும்.

நான் இந்தத் தொழிலை ஆரம்பித்தபோது அவனுக்கு இரண்டு வயது. விட்டுவிட்டு வர ஆளில்லை. கதவுக் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு சாக்கை விரித்து உட்காரவைத்துவிட்டுச் சுரண்டுவேன். சமர்த்தாக இருப்பான். உதிர்ந்த பெயிண்டுச் செதிலைப் பொறுக்கி, பச்சை தனி, நீலம் தனி என்று ஒரு தகர டப்பாவில் சேர்ப்பான். வாயிலும் போட்டுக்கொள்வான். துப்பு என்றால் துப்புவான். பார்க்காதபோது என்ன செய்தான் என்று எனக்குத் தெரியாது. அப்புறம் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன், எழுத்து வரவில்லை. நான் அடித்தது உனக்குத் தெரியும். ஒரு நாள் நீ குறுக்கே வந்து கையைப் பிடித்தாய், உன்னையும் திட்டினேன்.

இங்கே ஆஸ்பத்திரியில் அவனுக்கும் எனக்கும் எடுத்தார்கள். அவனுக்கு முப்பத்தொன்று, எனக்கு முப்பத்தெட்டு. இன்றும் அந்தத் தூசியில்தானே நிற்கிறோம். நான் கேட்டது அது இல்லையம்மா, இரண்டு வயதில் என்ன ஆயிற்று என்று சொல் என்றேன். அங்கே இருந்த பெண் நல்ல பெண், என் காதருகில் வந்து இரண்டு தடவை சொன்னாள். "அதை இப்ப கண்டுபிடிக்க முடியாதும்மா. அதனாலயும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்." வாழ்நாள் முழுக்க இதற்கு இவ்வளவு, அதற்கு இவ்வளவு என்று அறுத்துப் பேசியவள் நான். எனக்குக் கிடைத்த பதிலைப் பார்.

வீட்டுக்கு வந்து அவனிடம் சொன்னேன். செதில், டப்பா, எல்லாம். "அப்ப நான் சோம்பேறி இல்லையாம்மா?" என்றான்.

எனக்குக் கேட்டது, தம்பி. நன்றாகவே கேட்டது. காது கேட்காதவள் மாதிரி அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அவன் இன்னொரு தடவை கேட்கவில்லை. பதில் சொல்ல வேண்டியது நான்தான், நீ முந்திக்கொண்டு சொல்லிவிடாதே. அவன் திரும்பி வரட்டும், சொல்கிறேன்.

ஆமாம், ஞாயிற்றுக்கிழமை அவன் அங்கே வருகிறான். இருபது வருஷமாக அந்த வெட்டுகளைப் போடுகிறவன் அவன்தான். மேலே எத்தனை பூச்சு ஏறியிருந்தாலும் கட்டைவிரலை வைத்து ஒரு இழுப்பு இழுத்தால் ஒற்றையா, இரட்டையா, குறுக்கா என்று சொல்லிவிடுவான். இருநூறு கதவுக்கும் ஒரு நாள் போதும் அவனுக்கு. ஏணியை அவனே எடுத்து வருவான். அவன் கையில் தாளைக் கொடுத்து எல்லார் முன்னாலும் படிக்கச் சொல்லாதே. அவன் சொல்வதை நீ எழுதிக்கொள்.

முதல் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் வயிறு நிறையச் சாப்பிட வை. விரலை வைக்கும் முன் ஒவ்வொரு கதவின் மேலும் ஈரத்துணியால் துடைக்கச் சொல். முடிந்ததும் கை கழுவச் சொல். நாலு வீடு போனதும் மறந்துவிடுவான். திட்டாதே. இன்னொரு தடவை சொல்.

அக்கா